நேம் குறைந்தால் இரவெல்லாம் படபடப்பு. இது நோயா, குணமா?

மஸ்கெலியா தங்கச்சி:
நான் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவள். வயது 31. போன வாரம் அந்தி நிறுவையில் நேமுக்கு, அதாவது ஒரு நாளில் பறிக்க வேண்டிய அளவுக்கு, 2 கிலோ குறைந்துவிட்டது; அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம்தான் என்றார்கள். பக்கத்து நிரை அக்காவுக்கும் அதே கதை. அவர் தராசடியிலேயே சத்தம் போட்டுவிட்டு, லயத்து வீட்டுக்கு வந்து ரொட்டி தட்டியபடி மகளோடு சிரித்துப் பேசினார். எனக்கோ படபடப்பு அடங்கவே இல்லை. பால் தேத்தண்ணி கேட்ட பிள்ளையை அடித்துவிட்டேன். அப்புறம் அவன் தூங்கும்வரை பக்கத்தில் இருந்து அழுதேன். அப்பா இறந்தபோது எல்லாக் காரியத்தையும் நின்று செய்தவள் நான். பைப்படியில் சண்டை, பஸ் தவறுவது, இதற்கெல்லாம் ஏன் உடைந்து போகிறேன்?

ஹட்டன் அண்ணன்:
தங்கச்சி, நான் மனநலப் பிரிவில் தாதியாக இருக்கிறேன். 2013இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று உங்கள் கேள்விக்கு மிக நெருக்கமானது. 711 பேரிடம் 8 நாள் தொடர்ந்து, அன்றன்று வந்த சில்லறைத் தொல்லைகளையும் மனநிலையையும் கேட்டார்கள். பத்து வருடம் கழித்துத் திரும்பவும் விசாரித்தார்கள். தொல்லை வந்த நாளில் மனம் அதிகமாகக் கலங்கியவர்களிடம் மனச்சோர்வும் பதற்றமும் பின்னாளில் கூடுதலாகக் காணப்பட்டன. கலங்குகிற எல்லாருக்கும் நோய் வரும் என்று இதற்கு அர்த்தமில்லை. மறுபக்கமும் உண்டு: ஏற்கெனவே தூக்கம் கெட்டு மனம் சோர்ந்திருந்தால் சின்னச் சொல்லும் பெரிதாகக் குத்தும். இரண்டு வாரமாகத் தூக்கமோ பசியோ இல்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால் குணம் என்று விட்டுவிடாதீர்கள். இலங்கைத் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் அழைக்கலாம்.

பொகவந்தலாவை அக்கா:
அண்ணன் சொல்வது சரி. ஆனால் அரைப்பேர் போனால் கடைக் கணக்கு ஏறும், அந்தப் பயம் நியாயமானதுதானே? நானும் இப்படி இருந்து, கிளினிக் போய் மாத்திரை எடுத்துத் தேறியவள். இப்போதும் நிறுவை முடிந்ததும் நேராகப் பிள்ளைக் காம்பராவுக்கு (வேலை நேரத்தில் பிள்ளைகளை விடும் இடம்) போகமாட்டேன். கோயில் படியில் உட்கார்ந்து, கூட வருகிறவளிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டுத்தான் பிள்ளையைத் தூக்குவேன்.

மஸ்கெலியா தங்கச்சி:
எண்ணிப் பார்த்தேன். மூன்று வாரமாக விடியற்காலை 3 மணிக்கே விழித்துவிடுகிறேன். கிளினிக் போனால் அன்றைய பேரும் போகுமே என்றுதான் தயக்கம்.

பொகவந்தலாவை அக்கா:
ஒரு நாள் பேர் போகட்டும். எனக்கு அடுத்த கிளினிக் வெள்ளிக்கிழமை. நோர்வூட் சந்தியில் 7 மணிக்கு நிற்கிறேன், இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் போவோம். பிள்ளையையும் கூட்டி வா.