காலில் கீறல் விழுந்தாலும் ஓடினால்தான் ஹாஸ்டலில் கட்டிலா?

வேலந்தாவளம் ராசு (இரவு 9:10)

என் அக்கா மகள் பாலக்காடு மாவட்டத்தில் ஒரு கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சேர்ந்தவள், 5,000 மீட்டர் ஓடுகிறாள். கல்லூரி பெயரைக் கேட்காதீர்கள், அவள் இன்னும் அங்கேதான் படித்தாக வேண்டும்.

ஜனவரியில் இடது காலில், முழங்காலுக்குக் கீழே வலி வந்தது. கோச்சிடம் சொல்லியிருக்கிறாள். “இது எல்லாருக்கும் வருவது, ஐஸ் வை” என்றிருக்கிறார். மூன்று வாரம் ஸ்பிரே அடித்து, கிரேப் பேண்டேஜ் கட்டி ஓடினாள். தடகள மீட்டில் நான்காவதாக வந்தாள். வீட்டுக்கு வந்த அன்று திண்ணைப் படி ஏற முடியவில்லை. கோயம்புத்தூருக்குக் கூட்டிப்போய் எம்.ஆர்.ஐ. எடுத்தோம். எலும்பில் கீறல். எட்டு வாரம் ஓடக்கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார்.

அந்தச் சீட்டோடு கோச்சைப் போய்ப் பார்த்தேன். அவர் ஒன்றும் கத்தவில்லை. “ஓடாதவர்களுக்கு ஹாஸ்டலில் இடம் கிடையாது, கட்டிலுக்கு ஆள் காத்திருக்கிறது” என்று நிதானமாகச் சொன்னார். கத்தியிருந்தால்கூட பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன்.

அப்புறம் திங்கட்கிழமை தோறும் எல்லார் முன்னாலும் எடை பார்ப்பார்களாம். அரை கிலோ கூடினால் அன்றிரவு கஞ்சி மட்டும். சேரும்போது என் அக்கா கையெழுத்துப் போட்ட சம்மதப் பத்திரம் முழுக்க மலையாளம். அக்கா தமிழ் மீடியத்தில் எட்டாவது வரை படித்தவள். மலையாளம் பேசுவாள், எழுத்துக் கூட்டத் தெரியாது. அதில் என்ன இருந்தது என்று இன்றைக்கும் எங்களுக்குத் தெரியாது.

எல்லா இடத்திலும் இப்படித்தானா? இல்லை, நான்தான் பெரிதுபடுத்துகிறேனா?

பழைய டிராக் (இரவு 9:41)

தம்பி, 28 வருடம் பி.டி. மாஷாக (விளையாட்டு வாத்தியாராக) இருந்தவன் நான். உன் மருமகளின் கால் விஷயத்தில் அந்த கோச் செய்தது தப்பு, அதில் பேச்சே இல்லை. வலிக்கும் காயத்துக்கும் வித்தியாசம் தெரியாதவன் விசில் ஊதக்கூடாது.

ஆனால் மற்றதை எல்லாம் அதோடு சேர்த்துக் கட்டாதே. நம்ம பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவில் கூலி வேலைக்குப் போகிற வீட்டுப் பிள்ளைக்கு ஓட்டத்தை விட்டால் வேறு என்ன வழி இருக்கிறது? முண்டூர் சித்ராவைப் பார். கூலித் தொழிலாளி வீட்டுப் பெண். 2017-ல் புவனேஸ்வரில் ஆசிய சாம்பியன்ஷிப் 1,500 மீட்டரில் தங்கம், 2019-ல் தோஹாவில் மறுபடியும் தங்கம். பி.டி. உஷா 1976 முதல் நம்பியார் சாரிடம் பயிற்சி எடுத்தார். எட்டு வருடம் கழித்து 1984-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் வெண்கலம் கைநழுவியது நூறில் ஒரு பங்கு நொடியில். அந்தத் துளி நேரம் கஞ்சியிலும் உறக்கத்திலும் ஒழுங்கிலும்தான் ஒளிந்திருக்கிறது. செல்போனைப் பிடுங்குவது, ஒன்பது மணிக்கு விளக்கை அணைப்பது, எடை பார்ப்பது எல்லாம் கொடுமை என்றால் நானும் கொடுமைக்காரன்தான். என் பிள்ளைகளில் பதினோரு பேர் இன்று போலீசிலும் ரயில்வேயிலும் பட்டாளத்திலும் சம்பளம் வாங்குகிறார்கள்.

மீனாட்சிபுரம் பாசஞ்சர் (இரவு 9:48)

மாஷே, பதினோரு பேர் கணக்கு சரி. 28 வருடத்தில் உங்கள் கையில் ஓடி, கால் போய், படிப்பும் போய் வீட்டோடு உட்கார்ந்தவர்களை எந்த நோட்டில் எழுதி வைத்திருக்கிறீர்கள்?

பயிற்சியாளருக்குத் தரும் விருதுக்கே துரோணாச்சாரியர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். கட்டைவிரலைக் கேட்ட ஆள்.

பழைய டிராக் (இரவு 9:55)

கேலி செய்வது சுலபம். நீ ஒருநாள் காலை ஐந்து மணிக்கு மைதானத்துக்கு வா.

800 செல்வி (இரவு 10:20)

நான் கல்லூரியில் 800 மீட்டர் ஓடியவள். இப்போது ரயில்வேயில் இருக்கிறேன், அதாவது மாஷ் சொல்லும் கணக்கில் நானும் ஒரு ஆள்.

என் கோச் எனக்கு முதல் ஸ்பைக்ஸ் வாங்கித் தந்தார், அவருடைய சம்பளத்தில். அப்பா செத்தபோது வண்டி பிடித்து வீட்டுக்கு அனுப்பியவரும் அவர்தான். அதே மனிதர், எடை மெஷின் மேல் நான் நிற்கும்போது பையன்கள் முன்னால் என்னை “எருமை” என்றார். அன்று என் எடை 49 கிலோ. இரண்டும் நடந்தது. ஒன்றைச் சொன்னால் இன்னொன்று பொய் ஆகிவிடாது.

முதலாம் ஆண்டில் ஏழு மாதம் எனக்கு மாதவிலக்கு வரவில்லை. ஹாஸ்டலில் பாதிப் பேருக்கு அப்படித்தான். யாரும் பயப்படவில்லை. தொந்தரவு இல்லை, பயிற்சி சரியாகப் போகிறது என்று சந்தோஷப்பட்டோம். சொல்வதற்கு ஒரு பெண்கூட அங்கே இல்லை. கோச் ஆண், வார்டன் அவருடைய சிநேகிதர்.

2015 மே மாதம் ஆலப்புழையில் சாய் (இந்திய விளையாட்டு ஆணையம்) நீர்விளையாட்டு மையத்தில் நான்கு பயிற்சி மாணவிகள் தற்கொலைக்கு முயன்று, ஒரு பிள்ளை இறந்துபோனாள். சீனியர்கள் கொடுமைப்படுத்தினார்கள் என்று வீட்டார் சொன்னார்கள். அன்று எங்கள் பழைய ஹாஸ்டல் குழுவில் யாரும் யார் குற்றவாளி என்று பேசவில்லை. “நாம் யாரிடம் போய்ச் சொல்லியிருப்போம்?” என்று ஒருத்தி கேட்டாள். ஒருவருக்கும் பதில் வரவில்லை.

உக்கடம் ஃபிசியோ (இரவு 10:46)

செல்வி அக்கா சொன்னதும் ராசு அண்ணா சொன்னதும் பெரும்பாலும் ஒரே கதையின் இரண்டு பக்கம்.

உடல் செலவழிக்கும் அளவுக்குச் சாப்பாடு போகாவிட்டால் அது முதலில் நிறுத்தும் வேலைகளில் மாதவிலக்கும் ஒன்று. ஹார்மோன் குறைந்தால் எலும்பு மெலியும். மெலிந்த எலும்பில் வாரம் நூறு கிலோமீட்டர் ஓடினால் கீறல் விழும். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-லேயே இதற்குத் தனிப் பெயர் கொடுத்து, ஆண்களுக்கும் வரும் என்று சொல்லிவிட்டது. அரை கிலோவுக்காகக் கஞ்சி கொடுக்கிற கோச் தன் ஓட்டக்காரியின் எலும்பைத்தான் குறைக்கிறார். ஒழுக்கம், கண்டிப்பு எல்லாம் அப்புறம். இது கணக்குப்படியே நஷ்டம்.

இன்னொன்று. கால் எலும்பு முழுக்கப் பரவலாக வலித்தால் பெரும்பாலும் தசை, எலும்புறை சம்பந்தப்பட்டது. ஒரு விரல் வைத்து “இங்கேதான்” என்று காட்ட முடிந்தால் ஓட்டத்தை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமல் போகலாம். “எக்ஸ்ரே கிளியர், ஓடு” என்று அனுப்பிவைத்து மோசமான கால்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

கொல்லங்கோட்டான் (இரவு 11:15)

நான் இப்போது அமெரிக்காவில் படிக்கிறேன். இங்கே கல்லூரி விளையாட்டு என்றால் கோடிகள் புழங்கும் தொழில். விதியும் உண்டு. சீசனில் பயிற்சி நாளுக்கு நான்கு மணி, வாரத்துக்கு இருபது மணி, ஒருநாள் கட்டாய ஓய்வு. போட்டி நாள் எவ்வளவு இழுத்தாலும் மூன்று மணியாகத்தான் எழுதுவார்கள். “விருப்பப்பட்டு” வரும் பயிற்சி கணக்கிலேயே வராது. யார் விருப்பப்படவில்லை என்று கோச்சுக்குத் தெரியாதா என்ன?

2018 மே 29. மேரிலாந்து பல்கலைக்கழகக் கால்பந்து அணி (அமெரிக்கக் கால்பந்து, நம்முடையது அல்ல). 19 வயதுப் பையன், ஜோர்டன் மெக்நேர். வெயிலில் 110 கஜ ஓட்டம், திரும்பத் திரும்ப. சுருண்டுவிட்டான். உடல் வெப்பத்தை யாரும் அளக்கவில்லை, ஐஸ் தண்ணீரில் இறக்கவும் இல்லை. ஜூன் 13 அன்று இறந்தான். தார்மிகப் பொறுப்பும் சட்டப் பொறுப்பும் தங்களுடையதே என்று பல்கலைக்கழகத் தலைவர் ஒப்புக்கொண்டார். தலைமைக் கோச்சை விடுப்பில் அனுப்பி, அக்டோபர் 30 அன்று திரும்பச் சேர்த்து, மாணவர்கள் கொதித்ததும் மறுநாளே நீக்கினார்கள். அவ்வளவு பணம், அவ்வளவு டாக்டர்கள் இருந்த இடத்திலேயே இப்படி.

பாலக்காட்டுக் கணவாயில் மார்ச் மாதம் 40 டிகிரியைத் தொடுகிறது. கூலிக்காரர்களுக்குக் கோடையில் பகல் 12 முதல் 3 வரை வெயில் வேலை கூடாது என்று கேரளத் தொழிலாளர் துறை வருடா வருடம் உத்தரவு போடுகிறது. மைதானத்தில் ஓடும் பிள்ளை அந்த உத்தரவில் எங்கே இருக்கிறாள்?

பழைய டிராக் (காலை 5:50)

மைதானத்திலிருந்து வந்து படித்தேன். ஃபிசியோ தம்பி சொன்ன எலும்பு விஷயம் எனக்குப் புதிது. நான் பணியில் இருந்தவரை யாரும் இதைச் சொல்லித் தரவில்லை. என்னிடமும் சில பெண் பிள்ளைகள் அப்படி இருந்தார்கள். நான் கேட்டதில்லை. கேட்கவும் கூச்சம்.

ஆனால் அமெரிக்கக் கதையைக் கொண்டுவந்து எங்கள் தலையில் கொட்டாதீர்கள். அங்கே அணிக்கு டாக்டர் இருக்கிறார். எனக்கு இருந்தது ஒரு ஐஸ் பெட்டியும் ஒரு விசிலும் 43 பிள்ளைகளும். இன்றைய கோச்சுகளில் எத்தனை பேர் தற்காலிக வேலையில் இருக்கிறார்கள் தெரியுமா? இந்த வருடம் பாயிண்ட் வரவில்லை என்றால் அடுத்த வருடம் அவனுக்கே கட்டில் இல்லை. மேலிருந்து அழுத்துகிறார்கள், அவன் கீழே அழுத்துகிறான். அவனை மட்டும் பேய் என்று எழுதினால் போதுமா?

மீனாட்சிபுரம் பாசஞ்சர் (காலை 8:30)

போதாதுதான். ஆனால் அவனுக்கு மேலே இருப்பவன் அழுத்துகிறான் என்பதற்காக என் பிள்ளையின் எலும்பை ஏன் கொடுக்க வேண்டும்?

இப்போ ஓடுறவன் (காலை 9:05)

அண்ணா, அக்கா, மாஷே. நான் இப்போதும் டீமில் இருக்கிறேன். எங்களைப் பற்றித்தான் எல்லாரும் பேசுகிறீர்கள், அதனால் நானும் இரண்டு வரி.

எனக்கு எங்கள் கோச்சைப் பிடிக்கும். திட்டினால் திட்டட்டும், 400 மீட்டரில் என் நேரத்தை இரண்டு நொடி குறைத்தது அவர்தான். பயிற்சி கடினம் என்று நாங்கள் யாரும் அழவில்லை. அதற்குத்தானே வந்தோம்.

பிரச்சினை எங்கே என்றால், டீம் செலக்‌ஷன் அவர் கையெழுத்து. மெஸ் கார்டு அவர் கையெழுத்து. அட்டெண்டன்ஸுக்கும், கிரேஸ் மார்க் சர்டிபிகேட்டுக்கும், லீவுக்கும் அவரே. தலைவலிக்கு மாத்திரை வாங்க வெளியே போகக்கூட அவரே. இத்தனையும் ஒரே பேனாவில் இருக்கும்போது, கால் வலிக்கிறது என்று அவரிடம் எப்படிச் சொல்வது? அவர் நல்லவராகவே இருந்தாலும் வாய் வராது.

800 செல்வி (காலை 9:12)

தம்பி, நான் பத்து வருடமாகத் தேடிக்கொண்டிருந்த வாக்கியம் இது.

கிளார்க் குப்புசாமி (காலை 11:40)

கொழிஞ்சாம்பாறையில் ஒரு வக்கீலிடம் எழுத்தர் வேலை பார்க்கிறேன். சட்டத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்.

2013-ஆம் ஆண்டு பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் ஸ்டேடியத்தையும் விளையாட்டுப் பயிற்சி நிலையத்தையும் பெயர் சொல்லியே பணியிடமாகக் கணக்கில் எடுக்கிறது. பலருக்குத் தெரியாது. ஆனால் ராசு சொல்வது அந்த வகை இல்லை. யு.ஜி.சி.யின் 2009 ராகிங் தடுப்பு விதிகள் மாணவர் மாணவரைச் செய்வதற்கு. கோச் இரவுச் சோற்றைக் குறைத்ததும் கட்டிலைக் காட்டி மிரட்டியதும் இரண்டுக்கும் நடுவே விழுந்துவிடுகிறது.

மிச்சம் இருப்பது 2023-ல் வந்த யு.ஜி.சி. மாணவர் குறைதீர்ப்பு விதிகள். கல்லூரியில் ஒரு குழு இருக்க வேண்டும், புகார் வந்த 15 வேலை நாளில் அறிக்கை தர வேண்டும், அதில் திருப்தி இல்லை என்றால் மேலே ஆம்புட்ஸ்பர்சனிடம் (மேல்முறையீட்டைக் கேட்கும் அதிகாரி) போகலாம். எம்.ஆர்.ஐ. அறிக்கை, டாக்டர் சீட்டு, சம்மதப் பத்திரத்தின் நகல் மூன்றையும் வையுங்கள். பத்திரத்தைத் தமிழில் தரும்படியும் எழுத்தில் கேளுங்கள், தமிழர்கள் நிறைய இருக்கும் சித்தூர் தாலுகாவில் அது ஒன்றும் அதிசயமான கோரிக்கை இல்லை.

கொல்லங்கோட்டான் (பகல் 12:02)

புகார் கொடுத்த பிள்ளையை அடுத்த மீட்டுக்கு எடுப்பார்களா என்பதுதான் கேள்வி. இங்கே 2023-ல் நார்த்வெஸ்டர்ன் கால்பந்து அணி ராகிங் விவகாரத்தில் முதலில் கோச்சுக்கு இரண்டு வாரச் சம்பளமில்லா இடைநீக்கம்தான் தந்தார்கள். மாணவர் பத்திரிகை விவரத்தை வெளியிட்ட பிறகுதான் வேலையிலிருந்து நீக்கினார்கள். குழு இருந்ததாலேயே எல்லாம் நடந்துவிடவில்லை.

வேலந்தாவளம் ராசு (மாலை 6:30)

எல்லாருக்கும் நன்றி. யாரையும் வேலையை விட்டுத் தூக்க வேண்டும் என்று எனக்கு ஆசை இல்லை. எட்டு வாரம் அந்தக் கட்டில் அவளுக்கு இருக்க வேண்டும், வயிறார சோறு வேண்டும். அப்புறம் அவளே ஓடுவாள். நேற்றுகூட கட்டிலில் படுத்துக்கொண்டு யூடியூபில் 5,000 மீட்டர் பந்தயம்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளிடம் இந்தப் பேச்சைக் காட்டினேன். “அந்த மாஷ் பேசுவது எங்கள் கோச் மாதிரியே இருக்கிறது” என்று சிரித்தாள். புகார் எழுத அவளுக்கும் சம்மதம். எனக்குத்தான் மலையாளத்தில் எழுத வராது.

பழைய டிராக் (மாலை 6:52)

வியாழக்கிழமை காலை பத்து மணிக்குப் பாலக்காடு ஸ்டேடியம் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன். லெட்டரை நான் எழுதித் தருகிறேன், பிரின்சிபாலிடமும் நானே பேசுகிறேன். எம்.ஆர்.ஐ. ஃபிலிமை மறக்காமல் கொண்டுவா.

செல்போன் பிடுங்கியதைப் பற்றி மட்டும் அதில் ஒரு வரிகூட எழுத மாட்டேன். அதில் நான் கோச் பக்கம்.

மீனாட்சிபுரம் பாசஞ்சர் (மாலை 6:55)

மாஷே, எடை மெஷின்?

பழைய டிராக் (மாலை 7:20)

தனியறையில், பெண் ஒருவர் பார்க்கட்டும். எழுதுகிறேன்.