கடைவாய்ப் பல்லா, மனச்சோர்வா?

தாமிரபரணி: நேற்று எங்கள் ஊரில், அறிவுசார் குறைபாடு உள்ளவர்களின் பெற்றோர் கூட்டத்தில் சிறப்புப் பேச்சாளர் அருளியது: "இந்தப் பிள்ளைகளுக்கு மனச்சோர்வெல்லாம் வராது. கவலைப்படும் அளவுக்குப் புத்தி ஏது?" பாதிப் பேர் கைதட்டினார்கள். அந்தக் குறைபாடு உள்ள என் தம்பிக்கு வயது 34. அம்மா போன பிறகு அவர் சேலையை மடியில் வைத்துக்கொண்டு சோற்றைத் தொடாமல் உட்கார்ந்திருந்தான். கன்னத்தில் ஓயாமல் அறைந்துகொண்டான். "இது இவர்கள் சுபாவம்" என்று ரிஸ்பெரிடோன் என்ற மனநோய் மாத்திரையை எழுதிக் கொடுத்தார்கள். ஆறு மாதம் தூங்கி வழிந்தான், எடை ஏறியது, அறைவது நிற்கவில்லை. கடைசியில் ஒரு பல் மருத்துவர் பார்த்தார். கடைவாய்ப் பல் சொத்தை. பிடுங்கியதும் அறைவது குறைந்தது. சோறு மட்டும் இறங்கவில்லை. அதற்கு மனச்சோர்வு என்று பெயர் சொல்ல இன்னொரு மருத்துவர் வேண்டியிருந்தது.

மருந்துக்கடைக்காரர்: முப்பது ஆண்டுகள் மருந்துக்கடையில் நின்றவன் கேட்கிறேன். பல்லா, மனமா? ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கள் அம்மா. பல்லைப் பிடுங்கியதும் நின்றுவிட்டது என்றால் மனநோய் எங்கிருந்து வந்தது?

தாமிரபரணி: நின்றது என்று எழுதவில்லை ஐயா, குறைந்தது என்று எழுதினேன். இரண்டும் இருந்தன.

சட்டம்பேசி: வீண் சண்டை. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் அறிவுசார் குறைபாட்டை மனநோய் வரையறையிலிருந்தே விலக்கிவிட்டது. கதை முடிந்தது.

கீழ்ப்பாக்கத்தான்: முடியவில்லை. குறைபாடு மனநோய் ஆகாது என்றுதான் இருக்கிறது. குறைபாடு உள்ளவருக்கு மனநோயே வராது என்று எந்த வரியில் இருக்கிறது? நீரிழிவும் மனநோய் ஆகாது. நீரிழிவுக்காரருக்கு மனச்சோர்வு வந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்புவீர்களா? 1912 பைத்தியச் சட்டம் குறைபாடு உள்ளவரையும் மனநோயாளியையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டியது. 1987 மனநலச் சட்டத்தில்தான் பிரித்தார்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 21 வகைகளிலும் இரண்டும் தனித்தனியே நிற்கின்றன. ஒருவருக்கே இரண்டும் இருக்கலாம்.

சட்டம்பேசி: சென்ற மாதம் மாற்றுத்திறனாளிகளுக்கான நிரமயா மருத்துவக் காப்பீடு பற்றி உளறியவர் நீங்கள்தானே?

கீழ்ப்பாக்கத்தான்: ஒரு லட்சம் ரூபாய் வரை என்றேன். ஒரு லட்சம்தான். எது உளறல்?

சட்டம்பேசி: தொகை சரி. சொன்ன தோரணையை மறக்கவில்லை.

மருந்துக்கடைக்காரர்: பல்லுக்கு வாருங்கள். சொத்தை அந்த அளவுக்குப் போயிருந்தால் கன்னம் வீங்கியிருக்கும். வீட்டில் ஒருவர் கண்ணிலும் படவில்லையா?

தாமிரபரணி: வீங்கவில்லை. வாயைத் திறக்கப் போனால் விரலைக் கடிப்பான். மயக்க மருந்து கொடுத்துத்தான் பார்த்தார்கள். முப்பது ஆண்டு நின்ற கடையில் உங்களுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?

சிறப்பாசிரியை: 34 வயது ஆளை "பிள்ளை" என்பதை அந்தப் பேச்சாளர் முதலில் நிறுத்தட்டும். எல்லாவற்றையும் குறைபாட்டின் தலையில் போட்டுவிட்டு உண்மையான நோயைக் கோட்டை விடுவது புதிதல்ல. அமெரிக்காவில் உளவியலாளர் ஸ்டீவன் ரைஸும் உடன் ஆய்ந்தவர்களும் இதை 1982-லேயே எழுதிவிட்டார்கள். மனநோய் இல்லாதவர்களுக்கு நடத்தையை அடக்க மாத்திரை கொடுப்பதைக் குறைக்க பிரிட்டனில் 2016-இல் ஓர் இயக்கமே தொடங்கினார்கள்.

மருந்துக்கடைக்காரர்: பிரிட்டனில் பல் மருத்துவரைப் பார்ப்பதற்கே தவம் கிடக்கிறார்கள். அவர்கள் நமக்குப் பாடமா? மனவளர்ச்சி குன்றியவர் சுவரில் முட்டிக்கொள்ளும்போது மாத்திரை கேட்டு ஓடி வருவது பிரிட்டன் அல்ல, நீங்கள்தான்.

சிறப்பாசிரியை: "மனவளர்ச்சி குன்றியவர்" என்ற சொல்லை அரசே கைவிட்டுவிட்டது.

மருந்துக்கடைக்காரர்: சொல்லை மாற்றினால் பல்வலி போய்விடுமா?

சிறப்பாசிரியை: அப்படியானால் பல்வலி இருந்ததை ஒப்புக்கொள்கிறீர்கள்!

மருந்துக்கடைக்காரர்: நான்தான் முதலிலிருந்து பல் என்கிறேன்! மனம் என்பவர்கள்தான் ஒப்புக்கொள்ள வேண்டும்.

கீழ்ப்பாக்கத்தான்: பல்வலியோடு அம்மாவையும் இழந்தவனுக்கு எத்தனை வேதனைக்கு அனுமதி? ஒன்றுக்கு மட்டுமா?

சட்டம்பேசி: மறுபடியும் அதே தோரணை.

மருந்துக்கடைக்காரர்: கேள்விக்குப் பதில் கேள்வி. சரி, இப்போது எப்படி இருக்கிறான்? அதையாவது சொல்லுங்கள்.

தாமிரபரணி: பாதிச் சோறு சாப்பிடுகிறான். சேலை இன்னும் மடியில்தான். இரண்டு நாளாக இடக் கன்னத்தைத் தேய்க்கிறான். நாளைக் காலை பல் மருத்துவரிடம் போகிறோம்.

மருந்துக்கடைக்காரர்: பார்த்தீர்களா! பல்!