சந்தக்பூ வட்டப்பாதை: எந்தப் பக்கமாக ஏறுவது?

கேள்வி: நவம்பரில் மேற்கு வங்காளத்தின் சிங்கலீலா மலைமுகட்டில் நடந்து, நேபாள எல்லையிலுள்ள சந்தக்பூவை (3,636 மீட்டர்) ஏறி, வேறு வழியில் இறங்கத் திட்டம். ஸ்ரீகோலா பக்கமாக ஏறினால் தூரம் குறைவு என்கிறார்கள். சரியா?

பதில் 1: தூரம் குறைவுதான், ஆனால் வேண்டாம். ஸ்ரீகோலாவிலிருந்து குர்தும் வழி ஏறக்குறைய 1,600 மீட்டர் செங்குத்து ஏற்றம். ஒரே நாளில் ஏறினால் உடம்பு உயரத்துக்குப் பழகாது. மானேபஞ்சாங்கில் தொடங்குங்கள். முதல் இரவு தும்லிங், இரண்டாவது காலிபோக்ரி, மூன்றாவது உச்சி. தும்லிங்கிலிருந்து கைரிபாஸுக்கு 300 மீட்டருக்கு மேல் இறங்கி மறுபடி ஏற வேண்டும். அந்த நாளைத்தான் எல்லோரும் லேசாக நினைத்துவிடுகிறார்கள். பிக்கேபஞ்சாங்குக்கு மேல் கடைசி 4 கிலோமீட்டர் கடும் ஏற்றம், நிதானமாகப் போங்கள். தலைவலியோடு வாந்தியும் வந்தால் மேலே ஏறாதீர்கள், இறங்கிவிடுங்கள்.

பதில் 2: ஒரு நாள் கூடுதலாக இருந்தால் சந்தக்பூவிலிருந்து பாலுட் என்ற அடுத்த உச்சி வரை முகட்டிலேயே நடங்கள். 21 கிலோமீட்டர், நிழலே கிடையாது, வழியில் தண்ணீரும் அரிது. ஆளுக்கு 3 லிட்டர் சந்தக்பூவிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். பிறகு கோர்க்கே, ராம்மாம் வழியாக ஸ்ரீகோலா. எவரெஸ்டும் கஞ்சன்ஜங்காவும் தெளிவாகத் தெரிவது விடியலில்தான். வெயில் ஏறினால் மேகம் மூடிவிடும்.

பதில் 3: இறக்கத்துக்கு முன் கால் நகங்களை வெட்டி, கணுக்காலருகே நாடாவை இறுக்கிக் கட்டுங்கள். இல்லாவிட்டால் விரல்கள் ஷூவின் முனையில் இடித்து நகம் கறுத்துவிடும். அடையாள அட்டை கட்டாயம், வழிகாட்டியும்தான்.