எம்35ஏ2 ராணுவ லாரி மேல 1969 கேம்பர்: கதவு சிக்குது, ரிவெட் கழலுது. உதவி தேவை

பாலைவண்டி (அரிசோனா)

எல்லாருக்கும் வணக்கம். விவரமா எழுதினாத்தான் பதில் சொல்ல வசதியா இருக்கும்னு கொஞ்சம் நீட்டியே எழுதுறேன்.

வண்டி 1971 எம்35ஏ2. இங்க "டூஸ் அண்ட் எ ஹாஃப்"னு கூப்பிடுற அமெரிக்க ராணுவத்தோட ரெண்டரை டன் லாரி. ஆறு சக்கர டிரைவ், எல்டிடி-465 மல்ட்டிஃபியூயல் (பல வகை எரிபொருள்ல ஓடற) டீசல் இன்ஜின், டர்போ உண்டு. பின்னாடி இருந்த 12 அடி சரக்குப் பெட்டியை இறக்கிட்டு, அந்த இடத்துல 1969ல செஞ்ச அலுமினிய கேம்பர் ஒண்ணை ஏத்தியிருக்கேன். பிக்கப் வண்டியில சொருகி, உள்ளயே படுத்துத் தங்கறதுக்காகச் செஞ்ச பாடி. அடியில நாலடிதான் அகலம், மேல ஏழடி. படுக்கை டிரைவர் கேபின் மேல நீட்டிக்கிட்டு நிக்கும். எடை சுமார் 2,000 பவுண்டு.

சேஸி மேல 3 இன்ச் சதுரக் குழாயில சப்ஃப்ரேம் (பாடியைத் தாங்கற துணைச் சட்டம்) அடிச்சு, பக்கத்துக்கு மூணு யு-போல்ட் போட்டு நல்லா இறுக்கியாச்சு. குழாய்க்கும் சேஸிக்கும் நடுவுல எதுவும் இல்ல, இரும்பு மேல இரும்பு. சப்ஃப்ரேம் மேல கடையில வாங்கின பச்சை நிற டிரீட்டட் மரம், அதுக்கு மேல கேம்பர்.

யூட்டா மாநிலத்துல மோவாப் பக்கம் மண் ரோட்டுல சுத்திட்டு வந்ததுல இருந்துதான் தொல்லை. சமதரையில நிறுத்தினா கதவு சுகமாத் திறந்து மூடுது. ஒரு சக்கரம் பள்ளத்துல இருந்தா சிக்கிக்குது. வலது முன் மூலையில, படுக்கையும் முன் சுவரும் சேர்ற இடத்துல ரிவெட் வரிசை முழுக்க ஆடுது, ஒவ்வொரு ரிவெட்டைச் சுத்தியும் கறுப்பா மை பூசின மாதிரி ஒரு வளையம். மழை பெஞ்சா அந்த மூலையில ஒழுகுது. உள்ள மேல் அலமாரியோட ஸ்க்ரூ மரத்தைப் பிச்சுக்கிட்டு வெளிய வந்துடுச்சு.

சப்ஃப்ரேமுக்குக் குறுக்கு மறுக்கா இன்னும் ரெண்டு குழாய் வெல்டு பண்ணி விறைப்பாக்கினா நிக்குமா? இல்ல கேம்பரோட உள் மரச்சட்டமே இத்துப்போச்சா?

பட்டறைவாசி (டெக்சாஸ்)

தம்பி, வெல்டிங் மிஷினை இப்போதைக்குத் தொடாதீங்க.

அந்தக் கறுப்பு வளையம் அலுமினியம் உரசி உதிர்ற பொடி. ரிவெட் ஓட்டைக்குள்ள ஆடிக்கிட்டே இருக்குன்னு அர்த்தம். சமதரையில கதவு சரியா மூடுதுன்னு நீங்களே சொல்லிட்டீங்க. மரம் இத்துப்போயிருந்தா சமதரையிலயும் தொங்கும். ஆக சேஸி முறுக்கிக்குது, அது கூடவே பாடியையும் முறுக்குது.

உறுதிப்படுத்திக்கணும்னா: வண்டியைச் சமதரையில நிறுத்தி, பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்க. முன்பக்கத்து யு-போல்ட் ரெண்டையும் நடுவுல இருக்கற ரெண்டையும் நல்லா லூஸ் பண்ணுங்க, பின்னாடி ரெண்டு அப்படியே இறுகி இருக்கட்டும். இடது முன் சக்கரத்தை மட்டும் பெரிய கட்டை மேல ஏத்துங்க. இப்ப கதவு எப்படி இருக்குன்னு பாருங்க. சப்ஃப்ரேமுக்கும் சேஸிக்கும் நடுவுல எந்தப் பக்கம் எவ்வளவு வாய் திறக்குதுன்னு டேப் வச்சு அளந்து சொல்லுங்க.

வண்டி அடியில படுக்காம, பக்கத்துல நின்னே அளங்க.

பாலைவண்டி

அண்ணா, சொன்ன மாதிரியே செஞ்சு பார்த்தேன். பத்து இன்ச் கட்டை மேல இடது சக்கரம். வலது பக்கம் முன் முனையில சப்ஃப்ரேம் சேஸியை விட்டு ஒண்ணேகால் இன்ச் எழும்பி நிக்குது. கதவு சுண்டு விரல்ல தள்ளினா மூடுது! போல்ட்டை மறுபடி இறுக்க ஆரம்பிச்சதும் உள்ள பிளைவுட் "கிறீச்"னு சத்தம் போட்டுச்சு. உடனே நிறுத்திட்டேன்.

பட்டறைவாசி

அப்ப விஷயம் தெளிவு. அந்த ஒண்ணேகால் இன்ச்சைத்தான் இத்தனை நாளா உங்க ரிவெட்டுங்க தாங்கிட்டு இருந்திருக்கு.

எம்35 சேஸி ரெண்டு நீளச் சட்டம், நடுவுல குறுக்குச் சட்டங்கள், எல்லாம் சி-வடிவத் தகடு. அது முறுக்கிக்கணும்னே செஞ்சது. மேடு பள்ளத்துல ஆறு சக்கரமும் தரையை விடாம இருக்கறதுல பட்டை ஸ்பிரிங்குக்கு ஒரு பங்குன்னா, சேஸி முறுக்குறதுக்கும் ஒரு பங்கு. அதுலயும் உங்க பின் பட்டை செட்டு ரோடில்லாத இடத்துல 5,000 பவுண்டு ஏத்தறதுக்கானது. நீங்க ஏத்தியிருக்கறது அதுல பாதிகூட இல்ல. பட்டை அசையவே அசையாது, அது வளைய வேண்டியதையும் சேர்த்து சேஸிதான் வளையுது. நீங்க எவ்வளவு தடிமனாக் குழாய் போட்டாலும் சேஸி ஜெயிக்கும், இல்ல யு-போல்ட் பக்கத்துல சேஸி விரிசல் விடும். ரெண்டும் வேணாம்.

நீங்க கழட்டிப் போட்ட சரக்குப் பெட்டி எப்படி உட்கார்ந்திருந்ததுன்னு ஞாபகம் இருக்கா? சேஸிக்கும் பெட்டிக்கும் நடுவுல நீளமா மரக்கட்டை இருந்திருக்கும். பின்னாடி அசையாத போல்ட். முன்னாடி மட்டும் ஸ்பிரிங் கோத்த நீள போல்ட். ராணுவமே அந்த இரும்புப் பெட்டிக்கு முன்பக்கத்தை விட்டுக் கொடுத்திருக்கு. அந்த போல்ட்டையும் ஸ்பிரிங்கையும் தூக்கிப் போடலைன்னா அதையே எடுத்துப் போடுங்க.

பின்னாடி ஏன் இறுக்கமா இருக்கணும்னா, ரெண்டு பின் ஆக்ஸிலும் தொங்கற இடத்துலதான் சேஸி ரொம்ப விறைப்பு. முறுக்கு பெரும்பாலும் கேபினுக்கும் அந்த இடத்துக்கும் நடுவுலதான் நடக்குது. அதனால பின்பக்கம் பக்கத்துக்கு ஒரு கனமான தகடு, சப்ஃப்ரேமையும் சேஸியோட பக்கச் சுவரையும் சேர்த்து போல்ட். முன்னாடி சேஸி சுவர்ல ஒரு எல் பிராக்கெட், சப்ஃப்ரேம்ல ஒரு எல் பிராக்கெட், ரெண்டையும் கோத்து நீள போல்ட், அதுல சுருள் ஸ்பிரிங். நல்ல ரோட்டுல சப்ஃப்ரேம் மரத்து மேல அழுந்தி உட்கார்ந்திருக்கற அளவுக்கு ஸ்பிரிங்கை முன்கூட்டியே இறுக்கி வைங்க. அதுக்கப்புறமும் ஸ்பிரிங்ல ஒண்ணேகால் இன்ச்சுக்கு மேல அழுந்த இடம் மிச்சம் இருக்கணும். சுருள் எல்லாம் ஒண்ணோட ஒண்ணு முட்டிட்டா அது ஸ்பிரிங் இல்ல, வெறும் வாஷர். டபுள் நட் போடுங்க.

ஸ்பிரிங் போல்ட் பக்கவாட்டு ஆட்டத்தைத் தாங்காது. அதுக்குத் தனியா, சேஸியில மட்டும் போல்ட் போட்ட தகடு ஒண்ணு மேல நீட்டி சப்ஃப்ரேமை உரசினாப்புல நிக்கணும். அதைச் சப்ஃப்ரேமோட சேர்த்துடாதீங்க.

ஓட்டை போடணும்னா சேஸியோட பக்கச் சுவர்ல மட்டும். மேல் உதடு, கீழ் உதடு (சி-யோட மேலயும் கீழயும் மடிஞ்சு நிக்கற விளிம்பு) ரெண்டுலயும் டிரில்லும் கூடாது, வெல்டிங்கும் கூடாது. எங்கயாவது யு-போல்ட்டை வச்சுக்கறதா இருந்தா சி-க்குள்ள கட்டை அடைச்சுட்டு இறுக்குங்க, இல்லைன்னா உதடு மடங்கிடும். நாமக்கல்ல நான் லாரிக்குப் பாடி கட்டின காலத்துல மேஸ்திரி முதல்ல சொல்லிக் கொடுத்தது இதைத்தான். கட்டை வைக்க மறந்த பையனுக்கு அன்னைக்கு டீ கிடையாது.

அந்தப் பச்சை மரத்தை எடுத்துடுங்க. பூச்சி அரிக்காம இருக்க அதுல ஏத்தியிருக்கறது செம்பு உப்பு. ஈரம் பட்டா அலுமினியத்தை அரிக்கும், இரும்பையும் விடாது. ஓக் மரம் போடுங்க, எண்ணெய் ஊறப்போட்டு.

பனிக்காடு (கனடா)

வணக்கம் அண்ணை. ஸ்பிரிங் முறை பிழை எண்டு சொல்லேல்லை. ஆனா இவரின்ரை பாடி ஐம்பது வருசத்துக்கு மேலான அலுமினியம். அதுக்கு மூண்டு புள்ளி முறைதான் நல்லம் எண்டு நினைக்கிறன். பின்னுக்கு ரெண்டு, முன்னுக்கு நடுவிலை ஒரு சுழல் மூட்டு. ஜெர்மன் ஆமியின்ரை உனிமொக் யு1300எல் லொறியிலை பெட்டி ஏத்திறவை இந்த மாதிரித்தான் செய்யினம். சேஸி எப்பிடி நெளிஞ்சாலும் பாடிக்குத் தெரியாது. ஸ்பிரிங் முறையிலை கொஞ்சமெண்டாலும் முறுக்கு பாடிக்குப் போகத்தானே செய்யும்?

பட்டறைவாசி

போகும், மறுக்கல. ஆனா உனிமொக்கோட சேஸி அப்படி மூட்டு வச்சுப் பெட்டி ஏத்தறதை மனசுல வச்சே செஞ்சது. எம்35 கதை வேற. முன் எடை மொத்தமும் நடுவுல ஒரே குறுக்குச் சட்டத்துல இறங்கும். அதை பலப்படுத்தணும், சப்ஃப்ரேமும் தன் கால்ல நிக்கற அளவுக்கு ஆழமா இருக்கணும், பாடி இன்னும் அஞ்சாறு இன்ச் உசரும். ஏற்கெனவே உசரமான வண்டி. 2,000 பவுண்டு கேம்பருக்கு, நீளத்துக்கும் மரத்து மேல எடை பரவி உட்கார்றதே போதும்ங்கறது என் கட்சி. பத்தாயிரம் பவுண்டுக்குப் புதுசா ஒரு பெட்டி கட்டறதா இருந்தா நானும் உங்க பக்கம் வந்துடுவேன்.

பனிக்காடு

உயரத்தைப் பற்றிச் சொன்னது சரிதான். ஒண்டு மட்டும்: கேபின் கூரைக்கும் படுக்கைக்கும் இடையிலை எவ்வளவு இடம் விட்டிருக்கிறீங்கள்? இனி முன்பக்கம் அசையப் போகுது. இப்ப முட்டாட்டிலும் பிறகு முட்டும். கட்டையிலை ஏத்தி வச்சே அளந்து பாருங்கோ.

புகைக்கூண்டு (ஓஹையோ)

சேஸி கதை ஓடட்டும், எனக்குக் கவலை வேற இடத்துல. எம்35ஏ2 சைலன்ஸர் குழாய் வலது பக்கம், கதவுக்குக் கொஞ்சம் முன்னாடி நட்டுக்குத்தலா மேல போகும். உங்க கேம்பரோட படுக்கை ஏழடி அகலத்துல கேபின் மேல நீட்டிக்கிட்டு இருக்குன்னா, அந்தக் குழாய் வாய் சரியா படுக்கைக்கு அடியில இல்ல பக்கத்துல வருமே? ஒழுகறதும் வலது முன் மூலைன்னு வேற சொல்றீங்க. அங்க ஏற்கெனவே ஆடிப்போன ரிவெட் இணைப்புல சூடு, கரி, புகை மூணும் போய்க்கிட்டிருக்கும்.

பாலைவண்டி

ஆமா, வலது ஜன்னல் கரி பிடிச்சிருக்கு. மல்ட்டிஃபியூயல்னா அப்படித்தான் புகையும்னு விட்டுட்டேன்.

புகைக்கூண்டு

கரி கண்ணுக்குத் தெரியுது, கார்பன் மோனாக்ஸைடு தெரியாது. நிக்கற குழாயைக் கழட்டிட்டு, டர்போவுக்கு அப்புறம் கீழ இறக்கி, சேஸி பக்கமா கொண்டுபோய் பாடியோட விளிம்பைத் தாண்டி வெளிய விடுங்க. பாடிக்கு அடியிலயே முடிச்சுட்டா தரையில இருக்கற ஓட்டை வழியா உள்ள வரும். அதுவரைக்கும் இன்ஜின் ஓடும்போது மேல யாரும் படுக்க வேணாம். கார்பன் மோனாக்ஸைடு அலாரம் ஒண்ணு இன்னைக்கே வாங்கி மாட்டுங்க. பழைய கேம்பர்ல கேஸ் அடுப்பும் இருக்கும், எப்படியும் தேவை.

கோவைக்காரன்

குறுக்கே வர்றதுக்கு மன்னிக்கணும். நம்ம ஊர்ல ஏலத்துல வர்ற பழைய ராணுவ சக்திமான் லாரியில இப்படி ஒண்ணு பண்ண முடியுங்களா?

பட்டறைவாசி

வேலை முடியும், ஆர்.சி. புக்குதான் முடியாது. மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு, கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாதுங்குது, 2019ல உச்ச நீதிமன்றமும் அதை உறுதி பண்ணிடுச்சு. தொடங்கறதுக்கு முன்னாடி ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல எழுத்துல கேட்டுக்குங்க. தனி இழை போடுங்களேன், இங்க இவர் வண்டி பாதியில நிக்குது.

பாலைவண்டி

இன்னொரு சந்தேகமும் ஒட்டிக்கிட்டு இருக்கு. கேம்பர் லைட், தண்ணி பம்ப் எல்லாம் 12 வோல்ட். லாரி 24. ரெண்டு பேட்டரியில கீழ் பேட்டரியில (எர்த் பக்கம் இருக்கறது) இருந்து மட்டும் 12 எடுத்திருக்கேன். அந்த ஒரு பேட்டரி மட்டும் அடிக்கடி இறங்கிடுது. புதுசு போட்டும் அதே கதை.

மின்வாரியம் (நியூ ஜெர்சி)

புதுசு போட்டா புதுசும் போகும். ரெண்டு பேட்டரியும் தொடர்ல இருக்கு, ஆல்ட்டர்னேட்டர் ரெண்டுக்கும் ஒரே கரன்ட்டைத்தான் அனுப்புது. கீழ இருக்கறது லைட்டுக்கும் பம்புக்கும் கொடுத்துக் காலியாகுது, மேல இருக்கறது நிறைஞ்ச பிறகும் வாங்கிக்கிட்டே இருக்கு. கீழது பட்டினி, மேலது கொதிக்குது. மேல் பேட்டரியில தண்ணி அளவு பாருங்க, குறைஞ்சிருக்கும்.

அந்த வயரைக் கழட்டிடுங்க. கேம்பருக்குத் தனியா ஒரு 12 வோல்ட் பேட்டரி வச்சு, 24ல இருந்து 12க்கு மாத்தற டிசி-டிசி சார்ஜர் வழியா சார்ஜ் பண்ணுங்க. இன்ஜின் ஓடும்போது மட்டும் அது வேலை செய்யற மாதிரி கனெக்‌ஷன். ஃபியூஸ் ரெண்டு பேட்டரி பக்கமும் வேணும், ஒரு முனையில மட்டும் போட்டா பத்தாது. ஈக்வலைசர்னு ஒண்ணும் கிடைக்கும், இப்ப இருக்கற ஜோடியையே சமன் பண்ணும். ஆனா ராத்திரி முழுக்க லைட் எரிச்சுட்டுக் காலையில லாரி ஸ்டார்ட் ஆகலைன்னா பாலைவனத்துல யாரைக் கூப்பிடுவீங்க? தனி பேட்டரிதான் என் ஓட்டு.

பாலைவண்டி

அப்டேட். பழைய ஸ்பிரிங் போல்ட் கொட்டகையில இருந்துச்சு, அதையே போட்டாச்சு. ஓக் மரம், பின்பக்கம் அரை இன்ச் தகடு, முன்னாடி பக்கத் தகடு எல்லாம் அண்ணன் சொன்னபடி. அதே பத்து இன்ச் கட்டை மேல ஏத்திப் பார்த்தேன். வலது பக்கம் வாய் திறக்குது, இறக்கினதும் மூடுது. கதவு சிக்கல. உள்ள தரையில ரசமட்டம் வச்சா முன்னாடியும் பின்னாடியும் குமிழி ஒரே இடத்துல நிக்குது.

கனடா நண்பர் சொன்னதும் நடந்துச்சு. கட்டையில ஏத்தினதும் படுக்கையோட அடிப்பக்கம் கேபின் கூரையை ரெண்டு விரல் தூரத்துல தொட வந்துடுச்சு. சப்ஃப்ரேமுக்கும் கேம்பருக்கும் நடுவுல இன்னொரு வரிசை ஓக் வச்சு உசத்தணும். குழாயைக் கீழ இறக்கற வேலை அடுத்த வாரம், அலாரம் மாட்டியாச்சு. மேல் பேட்டரி தண்ணி தகடு தெரியற அளவுக்கு வத்தியிருந்துச்சு.

இப்ப ரிவெட் வேலை. கழன்ற வரிசையை எடுத்துட்டு சாதாரண பாப் ரிவெட் அடிக்கலாமா? மேல சிலிகான் பூசினா போதுமா?

பனிக்காடு

சாதாரண பாப் ரிவெட் வேண்டாம். நடுவிலை ஓட்டை இருக்கும், அதாலையே தண்ணி போகும். தலையைச் செதுக்கிற மாதிரி அடைச்ச ரிவெட் இருக்கு, பழைய அலுமினிய கேம்பர் திருத்திறவை அதைத்தான் பாவிக்கினம். ஓட்டை பெருத்திருந்தா ஒரு அளவு பெரிய ரிவெட். ஒவ்வொண்டையும் பொலியூரித்தேன் சீலன்டிலை தோய்ச்சு அடியுங்கோ. சிலிகான் பூசினா பிறகு அதுக்கு மேலை பெயின்டும் பிடிக்காது, வேறை சீலன்டும் பிடிக்காது.

அதுக்கு முன்னம் உள்பக்கம் பிளைவுட்டைக் கழட்டி அந்த மூலையின்ரை மரத்தை ஊசியாலை குத்திப் பாருங்கோ. முறுக்காலைதான் ஒழுகினது எண்டாலும் ஒழுகின தண்ணி மரத்திலைதானே நிண்டிருக்கும்.

பாலைவண்டி

குத்திப் பார்த்தேன். கீழ் கட்டை ஒரு அடி நீளத்துக்கு ஊசி வெண்ணெயில இறங்கற மாதிரி இறங்குது. மத்ததெல்லாம் கெட்டியா இருக்கு. அந்த ஒரு அடியை வெட்டி எடுத்துட்டுப் புதுசு ஒட்டுப்போட்டு, அப்புறம்தான் ரிவெட். படம் எடுத்துப் போடுறேன்.

பட்டறைவாசி

போடுங்க. முதல் நூறு மைல் ஓட்டினதும் முன் ஸ்பிரிங் நட்டையும் பின் தகட்டு போல்ட்டையும் ஒருதரம் பாருங்க. புது மரம் அழுந்தும், கொஞ்சம் லூஸாகும்.