கடப்புறத்துப் பிளாஸ்டிக் துகள்கள்: ஜேசிபி வேண்டாம், சல்லடை வாங்குவோம்

சங்க உறவுகள் அனைவருக்கும் வணக்கம்.

நம் ஊர்க் கடப்புறத்தில் ஒதுங்கிய பிளாஸ்டிக் துகள்களை அகற்றத் துபாய்க் கிளை அண்ணன்மார் அனுப்பிய திட்டத்தைப் படித்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊரே திரள்வது, சங்கப் பெயர் அச்சிட்ட பனியன், வாடகைக்கு ஒரு ஜேசிபி. நல்ல மனதோடு எழுதியிருக்கிறார்கள். ஆனால் ஜேசிபிக்குச் சங்க நிதியில் ஒரு ரூபாய் கொடுக்கவும் நான் சம்மதிக்க மாட்டேன்.

2025 மே 25 அன்று, விழிஞ்ஞத்திலிருந்து கொச்சிக்குப் போன எம்.எஸ்.சி. எல்சா 3 கப்பல் 640 கொள்கலன்களோடு மூழ்கியது. கால்சியம் கார்பைடு, எண்ணெய் என்று எல்லோரும் பதறினோம். குமரிக் கரையில் வந்து ஒதுங்கியதோ ஜவ்வரிசி போன்ற வெள்ளைத் துகள்கள். வாளியும் குழாயும் செய்வதற்கான மூலப்பொருள் அது. மக்காது, மிதக்கும், கடலில் கலந்திருக்கும் நச்சு அதன்மேல் ஒட்டிக்கொள்ளும். மீனும் பறவையும் முட்டையென்று நினைத்து விழுங்கும். ஒருமுறை பொறுக்கினால் தீராது. கடல் சீறும்போதெல்லாம் மணலுக்குள் கிடப்பது மேலே வரும், வெளியே மிதப்பது கரையேறும்.

இந்தத் துகள் பெரும்பாலும் அலை ஏறி நின்ற கோட்டை ஒட்டி, மேல் மணலில்தான் கிடக்கிறது. ஜேசிபி ஓரடி மணலை அள்ளும். சக்கரம் ஏறிய இடத்தில் மிச்சத்தை ஆழத்துக்கு அமுக்கிவிடும். மணலைப் பிடித்து வைத்திருக்கும் அடம்பங்கொடியும் வேரோடு போகும். கடலரிப்பைத் தடுக்கத் தூண்டில் வளைவு (கடலுக்குள் நீளும் கல் தடுப்பு) கேட்டு நடையாய் நடக்கிற ஊர்க்காரர்கள் நாம், இருக்கிற மணலை நாமே லாரியில் ஏற்றி அனுப்புவதா?

இலங்கைக்காரர்கள் இதை நமக்கு முன்பே பட்டவர்கள். 2021 மே மாதம் கொழும்புக்கு அருகே எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பல் தீப்பிடித்து, ஜூன் 2-ல் மூழ்கத் தொடங்கியது. அதில் இருந்த துகள் சுமார் 1,680 டன். பேர்ல் புரொடெக்டர்ஸ் போன்ற தன்னார்வ இளைஞர்கள் செய்த வேலை எளிமையானது: காய்ந்த மணலைச் சலிப்பது, சல்லடையில் தங்கியதை உப்புத்தண்ணீர் வாளியில் கொட்டுவது. மணல் அடியில் போகும், துகள் மேலே வரும். ஈர மணலைச் சலிக்க முடியாது என்பதால் வெயில் ஏறிய பிறகுதான் வேலை. முதுகு ஒடியும் வேலை என்பதை மறைக்கவில்லை.

அந்தக் கப்பல் வழக்கில் இலங்கை உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் 100 கோடி டாலர் இழப்பீடு கொடுக்க உத்தரவிட்டது. மனுதாரர்களில் மீனவர்களும் இருந்தார்கள், கத்தோலிக்கத் திருச்சபையின் கர்தினால் மல்கம் ரஞ்சித்தும் இருந்தார். நம் தேவாலயத்தின் பங்குப் பேரவை இதைக் கவனிக்கட்டும். எல்சா கப்பலுக்காகக் கேரள அரசு கேட்டிருப்பது 9,531 கோடி ரூபாய். நாளை நம் பக்கத்தில் யாராவது உரிமை கேட்டுப் போனால், "உங்கள் கரையில் எவ்வளவு ஒதுங்கியது, எப்போது?" என்றுதான் முதலில் கேட்பார்கள். குழுப் புகைப்படம் அதற்குப் பதில் ஆகாது. ஆகவே துகள் நிரப்பிய ஒவ்வொரு சாக்கையும் எடைபோட்டு, தேதியும் இடமும் எழுதி, கட்டி வைக்க வேண்டும். யாரும் அதைக் கொளுத்திவிடக் கூடாது. நம் ஊர்ப் பழக்கம் தெரிந்ததால் சொல்கிறேன். கொள்கலனோ, அடையாளம் தெரியாத பீப்பாயோ ஒதுங்கினால் கிட்டே போகாமல் கடலோரக் காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்ல வேண்டும்.

செலவு சல்லடை, வாளி, கையுறை, ஒரு தராசு, ஒரு நோட்டு. இவற்றோடு கூலியும் சேர வேண்டும் என்பேன். ஜூன், ஜூலை மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகு மீனை நம்பியிருக்கும் அக்காமாருக்கு வருமானம் குறைவு. அவர்களிடம் தன்னார்வம் என்ற பெயரில் இலவச உழைப்பு வாங்கிவிட்டு, இங்கே நாம் பெருமை பேசுவது எனக்குப் பிடிக்கவில்லை. வெளிநாட்டில் இருக்கும் நாம் பணம் தரலாம். குனிந்து சலிக்கப்போவது அவர்கள்தான்.

கட்டிய சாக்குகளை மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் எடுத்துக்கொள்ளும்வரை வைக்க, மழை படாத இடம் ஒன்று தேவை. கோயிலுக்குப் பின்னால் உள்ள பழைய வலைக்கூடத்தைக் கேட்டுப் பங்குப் பேரவைக்கும், சாக்குகளை எடுக்கச் சொல்லி வாரியத்துக்கும் செயலாளர் கடிதம் எழுத வேண்டும். இரண்டுக்கும் வரைவு நான் அனுப்புகிறேன். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் அதற்குள் எழுதுங்கள்.