ரேடியேட்டர் ஃபேன் தானா ஓட மாட்டேங்குது, யாராச்சும் வழி சொல்லுங்க

வண்டி 2012 மாடல், 1.2 லிட்டர் பெட்ரோல் ஹேட்ச்பேக், ஓடுனது 1,14,000 கி.மீ., ஊர் சேலம். மூணு வாரம் முன்னாடி ஏற்காடு ஏறுறப்ப பத்தாவது கொண்டை ஊசி வளைவு தாண்டி டெம்பரேச்சர் முள் சர்ருனு மேல போச்சு, ஓரங்கட்டி பானெட்ட தூக்கிப் பாத்தா ஃபேன் சும்மா நிக்குது. பைபாஸ்ல போனா சூடே இல்ல, டிராஃபிக்ல நின்னா பத்தே நிமிஷம்தான். ஏசி போட்டாலும் ஃபேன் சுத்தல.

இதுவரைக்கும் பாத்தது: ஃபியூஸ் நல்லா இருக்கு. பேட்டரியில இருந்து நேரா கரண்ட் குடுத்தா ஃபேன் ஜம்முனு சுத்துது, அதனால மோட்டார் மேல சந்தேகம் இல்ல. ஃபேனுக்குப் போற கரண்ட ஆன்-ஆஃப் பண்ற ரிலே புதுசு போட்டாச்சு. கூலன்ட் சென்சாரும் மாத்தியாச்சு, 900 ரூபா தண்டம். சென்சார் கனெக்டர கழட்டி விட்டா ஃபேன் ஓடணும்னாங்க, அதுவும் ஓடல. ரிலே சாக்கெட்ல ஃபேனுக்கு கரண்ட் போற 30, 87 நம்பர் பின் ரெண்டையும் ஒரு ஒயரால சேத்தா ஓடுது. ரிலேவ ஆன் பண்ற பின்னுங்கள்ல 86ல 12 வோல்ட் வருது, ஆனா ஈசியூ (இன்ஜின கண்ட்ரோல் பண்ற கம்ப்யூட்டர்) எர்த் குடுக்க வேண்டிய 85க்கு இன்ஜின் சூடானப்புறமும் அது கிடைக்கவே இல்ல. கூலன்ட் லெவல் சரியா இருக்கு, லீக் எதுவும் இல்ல.

மெக்கானிக் ஈசியூ போயிடுச்சு, மாத்தணும்ங்கறாரு. எலி கடிச்ச ஒயரா இருக்குமோனு எனக்கு ஒரு டவுட்டு, வீட்டுப்பக்கம் எலித்தொல்லை ஜாஸ்தி.

ரிலேவோட 85ல இருந்து ஈசியூ வரைக்கும் போற ஒயர் அந்துருக்கா, இல்ல ஈசியூவே போயிடுச்சானு மல்டிமீட்டர் மட்டும் வச்சு எப்படி கண்டுபிடிக்கிறது?