எவர்சில்வர் ஃபிரேம் போனில் கீறல், வீட்டிலேயே பாலிஷ் போடலாமா?

தாமிரபரணிக்காரன்:

வணக்கம் மக்களே. என்னிடம் இருப்பது ஐபோன் எக்ஸ்எஸ், வெள்ளி நிறம், போன வருடம் தெரிந்தவர் ஒருவரிடம் செகண்ட் ஹேண்டாக வாங்கினேன். பேட்டரி மாற்றியாயிற்று, திரையில் ஒரு குறையும் இல்லை, ஆனால் சுற்றிலும் இருக்கும் அந்த எவர்சில்வர் ஃபிரேம் முழுக்க மயிரிழைக் கீறல்கள். வெயிலில் பிடித்துப் பார்த்தால் சிலந்தி வலை பின்னியது மாதிரி இருக்கிறது. முன்னால் வைத்திருந்தவர் முதல் நாளிலிருந்து கேஸ் போட்டுத்தான் வைத்திருந்தாராம், அப்புறம் எப்படி இவ்வளவு கீறல் என்று எனக்குப் புரியவே இல்லை.

இது போக, சார்ஜ் போடும் பக்கம் இரண்டு கோடு கொஞ்சம் ஆழம். கீழ் மூலையில் எப்போதோ விழுந்து நசுங்கி ஒரு சின்னப் பிசிறு நிற்கிறது, விரல் பட்டால் உறுத்துகிறது.

அம்மா விபூதி போட்டுத் தேய் என்கிறார். தங்கை பற்பசை என்கிறாள். ஆபீஸில் ஒருவர் பாத்திரத்துக்கு பாலிஷ் போடும் பட்டறையில் கொடு, இரண்டு நிமிட வேலை என்கிறார். யாராவது செய்து பார்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள், கேள்விப்பட்டதை வேண்டாம், அது வீட்டிலேயே நிறையக் கிடைக்கிறது.

சும்மா_ஒரு_ஆள்:

ஒரு கேஸ் வாங்கி மாட்டுங்கள். கீறல் கண்ணில் படாது, காசும் மிச்சம். போன் பேசத்தானே, முகம் பார்க்கவா?

பட்டறை வீட்டுப் பையன்:

மேலே சொன்ன நண்பர் கோபித்துக்கொள்ள வேண்டாம், கேஸுக்குள்தான் இந்தக் கீறல் விழுவதே. கேஸுக்கும் ஃபிரேமுக்கும் நடுவில் மண் துகள் போய் உட்கார்ந்துகொள்ளும். மண்ணில் இருக்கும் குவார்ட்ஸ் எவர்சில்வரை விடக் கடினம், அதனால் நீங்கள் போனைப் பையில் போட்டு எடுக்கும் ஒவ்வொரு முறையும் அது உள்ளே உப்புத்தாள் வேலை பார்க்கும். கேஸ் போட்டவர்கள் மாதம் ஒருமுறை கழற்றித் துடைக்காவிட்டால், கேஸ் போடாதவர் போனை விட மோசமாகத்தான் இருக்கும்.

எங்கள் அப்பா பாத்திரத்துக்கு பாலிஷ் போடுகிறவர், நான் சின்ன வயதிலிருந்து அந்தக் கரிக்குள் வளர்ந்தவன், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் உங்கள் அதிர்ஷ்டம், நிறம் வெள்ளி. 2017-இல் வந்த எக்ஸ் தொடங்கி 2022-இல் வந்த 14 ப்ரோ வரை ஆப்பிள் உயர்விலை போன்களில் எவர்சில்வர் ஃபிரேம்தான், 15 ப்ரோவில்தான் டைட்டானியத்துக்குப் போனார்கள். இதில் எக்ஸ், எக்ஸ்எஸ் வெள்ளி என்றால் மெருகேற்றிய வெறும் உலோகம், மேலே நிறப்பூச்சு கிடையாது. சாம்பல், தங்க நிறம் எல்லாம் வெற்றிடத்தில் ஆவியாகப் படிய வைத்த பூச்சு, பிவிடி என்பார்கள். அந்த மாதிரிப் பூச்சு பொதுவாக ஒன்றிரண்டு மைக்ரான் கனம்தான் இருக்கும், நம் தலைமுடி 70 மைக்ரான் வரும் என்று வைத்துக்கொண்டால் கணக்குப் புரியும். வெள்ளியில் எவ்வளவு தேய்த்தாலும் அடியில் வருவதும் அதே உலோகம். துரு பிடிக்குமோ என்ற பயமும் வேண்டாம், எவர்சில்வரில் இருக்கும் குரோமியம் காற்றுப் பட்டதும் தானாகவே மேலே ஒரு மெல்லிய படலம் போட்டுக்கொள்ளும். நம் வீட்டுக் குடத்தைத் தலைமுறையாகத் தேய்க்கிறோம், என்ன ஆகிவிட்டது?

இப்போது கீறல். பாலிஷ் போட்டால் கீறல் அடைபடும் என்று பலர் நினைக்கிறார்கள். அடைபடாது. கீறலைச் சுற்றி இருக்கும் உலோகத்தைக் கீறலின் அடிமட்டம் வரை தேய்த்து இறக்குகிறோம், அவ்வளவுதான். அதனால் ஆழமான கோட்டை எடுக்க வேண்டுமென்றால் அந்த இடம் முழுக்க அத்தனை ஆழம் இறங்க வேண்டும். நகத்தைக் குறுக்கே ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டவில்லை என்றால் பாலிஷ் க்ரீமும் துணியும் போதும். தட்டினால் உப்புத்தாள் இல்லாமல் போகாது, நன்றாகவே மாட்டினால் விட்டுவிடுங்கள்.

வேலையை விட மூடுவதற்குத்தான் நேரம் ஆகும். திரையிலும் பின்பக்கக் கண்ணாடியிலும் மாஸ்கிங் டேப்பை விளிம்போடு விளிம்பாக ஒட்டுங்கள், ஏனென்றால் திரையின் மேலே விரல் ரேகை ஒட்டாமல் இருக்க ஒரு பூச்சு உண்டு, பாலிஷ் பட்டால் முதலில் போவது அதுதான். சார்ஜ் துளை, ஸ்பீக்கர் ஓட்டைகள், மைக், சத்தம் நிறுத்தும் சுவிட்ச், பட்டன் இடுக்கு எல்லாவற்றையும் மூடுங்கள். சிம் தட்டை மட்டும் கழற்றாதீர்கள். கழற்றிவிட்டுத் தேய்த்தால் அந்தத் துளையின் விளிம்பு மழுங்கி, திரும்பப் போடும்போது தட்டு மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும். முடிந்த பிறகு கழற்றித் துடைத்துப் போடலாம்.

துணி பழைய பனியன் துணி. க்ரீம், புல்லட் வைத்திருப்பவர்கள் சைலன்சருக்குப் போடும் ஆட்டோசால் மாதிரி ஏதாவது. பட்டாணி அளவு எடுத்துத் துணியில் தடவி, நீளவாக்கில் சின்னச் சின்னப் பகுதியாகத் தேய்க்க வேண்டும். துணி கரியாகக் கறுக்கும், பயப்பட வேண்டாம், அது தேய்ந்து வரும் உலோகம்தான். கறுத்த இடத்தை விட்டுத் துணியை மாற்றி மாற்றிப் பிடியுங்கள். கடைசியில் காய்ந்த சுத்தமான துணியால் ஒரு தேய்ப்பு.

விபூதி வெள்ளிக் குத்துவிளக்குக்குச் சரி, வெள்ளி மெத்து. எவர்சில்வரை அது ஒன்றும் செய்யாது, ஸ்பீக்கர் ஓட்டைதான் விபூதி பூசிக்கொள்ளும். பற்பசை வேலை செய்யும், ஆனால் பொங்கலுக்கு ஆரம்பித்தால் தீபாவளிக்கு முடியும். பாத்திரம் துலக்கும் பவுடர், பச்சை நார் பக்கம் போகவே போகாதீர்கள், இருக்கும் கீறல் போதாதென்று நூறு கீறல் சேரும்.

பட்டறை விஷயம்: அப்பாவிடமே கேட்டேன். "குடத்துக்குள்ள பேட்டரி இருக்காதுடா" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். துணிச் சக்கரத்தைச் சுழற்றும் பஃப் மோட்டார் நிமிடத்துக்கு 2800 சுற்றுக்குக் கிட்டத்தட்ட ஓடும். பச்சை பாலிஷ் கட்டியைத் தடவி அழுத்தினால் சில நொடியில் பாத்திரத்தைக் கையில் பிடிக்க முடியாது, அவ்வளவு சூடு. போனின் கண்ணாடி நிற்பதே பசையில். துணிச் சக்கரம் விளிம்பில் மாட்டினால் போன் கையில் இருக்காது, எதிர்ச் சுவரில் இருக்கும்.

நீலாங்கரை நிலா:

பட்டறைப் பையன் சொன்ன அந்த நிறப்பூச்சு விஷயத்தைத் தடித்த எழுத்தில் போட வேண்டும், ஏனென்றால் அதற்கு விலை கொடுத்தவள் நான். தங்க நிற எக்ஸ்எஸ் மேக்ஸ். வீட்டில் பித்தளை விளக்குக்கு வைத்திருந்த பாலிஷை எடுத்து, ஒரு சின்னக் கீறல்தானே என்று, டிவி பார்த்துக்கொண்டே தேய்த்தேன். கீறல் போய்விட்டது. நல்லாயிருக்கே என்று இன்னும் கொஞ்சம் தேய்த்தேன். மூலையில் முதலில் தங்கம் வெளுத்தது, அப்புறம் உள்ளே வெள்ளை தெரிந்தது. வெள்ளை தெரிந்த இடத்தைச் சுற்றி ஒரே மாதிரி வரட்டும் என்று மேலும் தேய்த்ததுதான் பெரிய முட்டாள்தனம். இப்போது கவரிங் நகை பல்லிளித்த மாதிரி இருக்கிறது. யாரையும் குறை சொல்ல வழியில்லை, முழுக்க என் கைவண்ணம்.

கலர் போன் வைத்திருப்பவர்கள் தொடாதீர்கள். அலுமினிய ஃபிரேம் இருப்பவர்களும்தான், ஐபோன் 11, 12, 13 வரிசையில் ப்ரோ இல்லாதவை எல்லாம் அலுமினியம், அதன் நிறமும் மேலே ஏற்றியதுதான், தேய்த்தால் இதே கதி.

தாமிரபரணிக்காரன்:

அக்கா, படிக்கும்போதே வயிறு கலங்கியது. என்னுடையது வெள்ளிதான் என்று பெட்டி, செட்டிங்ஸ் இரண்டிலும் பார்த்துவிட்டேன்.

பட்டறை அண்ணே, நகம் வைத்துப் பார்த்தேன். பக்கவாட்டில் எங்கேயும் தட்டவில்லை. கீழே இருக்கும் இரண்டு கோட்டில் ஒன்று லேசாகத் தட்டுகிறது, இன்னொன்று நன்றாகவே மாட்டுகிறது. உப்புத்தாள் என்றால் எத்தனை நம்பர்? அந்தப் பிசிறை என்ன செய்வது? ஃபிரேமுக்கு நடுவில் வெள்ளைக் கோடு கோடாக இருக்கிறதே, அதுவும் உலோகமா?

பட்டறை வீட்டுப் பையன்:

அந்தக் கோடுகள் பிளாஸ்டிக் தம்பி, சிக்னலுக்காக விட்டது. உலோகப் பெட்டிக்குள் ஆன்டெனா வேலை செய்யாது என்பதால் ஃபிரேமைத் துண்டாக்கி நடுவில் பிளாஸ்டிக் வைத்திருப்பார்கள். உலோகத்தை விட மெத்து, அதனால் ஒரே இடத்தில் அழுத்தித் தேய்த்தால் அங்கே மட்டும் பள்ளம் விழும், கரியும் போய் அப்பிக்கொள்ளும். கோட்டின் மேல் மெல்லிசாக ஒரு துண்டு டேப் ஒட்டிவிட்டு இரண்டு பக்கமும் தேயுங்கள், கடைசியில் டேப்பை எடுத்துவிட்டுக் கோட்டையும் சேர்த்து லேசாக ஒரு இழுப்பு, போதும்.

லேசாகத் தட்டும் கோட்டுக்கு 2000 நம்பர் வாட்டர் பேப்பர், அதாவது தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள், கார் பெயின்ட் கடையில் கிடைக்கும். அதற்குக் கீழே இறங்காதீர்கள், நம்பர் குறையக் குறையத் தாள் சொரசொரப்பு. 800, 1000 எல்லாம் போட்டால் அந்தக் கீறலை எடுக்க உங்களுக்கு இன்னொரு வாரம் வேண்டும். தாளை விரலால் அழுத்தக் கூடாது, விரல் நடுவில் குழி பறிக்கும். பள்ளிக்கூட அழிரப்பரைத் தாளுக்குப் பின்னால் வைத்துப் பிடியுங்கள், ஃபிரேமின் வளைவுக்கு அது ஒத்துப்போகும். இதில் ஒரு சூட்சுமம் உண்டு: 2000-த்தில் ஒரு திசையில் தேய்த்தால், அடுத்து போடும் 3000 நம்பர் தாளில் அதற்குக் குறுக்கே தேய்க்க வேண்டும். முந்தைய தாளின் கோடு முழுக்க மறைந்ததா என்பது அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும். மறையாமல் அடுத்ததற்குப் போனால் கடைசியில் பளபளப்புக்கு நடுவே அந்தக் கோடுகள் சிரிக்கும், திரும்ப முதலிலிருந்து வர வேண்டியதுதான்.

தண்ணீரைத் தாளில் ஒரு சொட்டு தொட்டுக்கொள்ளுங்கள், குழாயடியில் காட்டாதீர்கள். எக்ஸ்எஸ்ஸுக்கு ஐபி68, அதாவது தண்ணீரும் தூசியும் தாங்கும் தரம், உண்டு, ஆனால் அது புதிதாக வந்தபோது. நீங்கள் பேட்டரி மாற்றத் திரையைத் திறந்திருக்கிறீர்கள், உள்ளே பசை எப்படி ஒட்டியிருக்கிறது என்று யாருக்குத் தெரியும்.

பிசிறுக்கு அதே 2000 தாளை மடித்து, உறுத்தும் நுனியில் மட்டும் நாலு இழுப்பு. நசுங்கல் அப்படியே இருக்கட்டும். நன்றாக மாட்டும் கோட்டையும் விடுங்கள். அதை எடுக்கப் போனால் சார்ஜ் துளையின் விளிம்பு மழுங்கிவிடும், கோடு ஒன்று இருந்தது போய் வடிவமே கெட்டுவிடும்.

பழைய_ஐபாட்:

இடையில் ஒரு வார்த்தை. இதெல்லாம் புதிய நோய் இல்லை. 2001-இல் ஆப்பிள் பாட்டுக் கேட்க விட்ட முதல் ஐபாடுக்கே முதுகு கண்ணாடி மாதிரி எவர்சில்வர்தான், மேசையில் வைத்து எடுத்தாலே கீறல் விழும். நான் அதற்குக் க்ரீம் போட்டுப் போட்டு கடைசியில் பின்னால் பொறித்திருந்த எழுத்தே மங்கிப்போனது. மெருகு ஏற ஏற அடுத்த கீறல் இன்னும் பளிச்சென்று தெரியும், அதையும் மனதில் வைத்துக்கொண்டு இறங்குங்கள்.

இன்னொன்று, ஐபோன் 4 மாதிரி மங்கலான, ஒரே திசையில் கோடு இழுத்த எவர்சில்வருக்கு இந்தக் க்ரீம் வைத்தியம் ஆகாது. தேய்த்த இடம் மட்டும் பளபளவென்று திட்டுத் திட்டாக நிற்கும்.

தாமிரபரணிக்காரன்:

இரண்டு சாயங்காலம் ஆனது. டேப் ஒட்டவே முதல் நாள் போய்விட்டது, நம்ப மாட்டீர்கள், அம்மா வந்து பார்த்துவிட்டு போனுக்கு என்ன அடி என்று கேட்டார், அப்படிக் கட்டுப்போட்ட மாதிரி இருந்தது.

பக்கவாட்டு சிலந்தி வலை முழுக்கப் போய்விட்டது, க்ரீமும் பனியனும் மட்டும்தான், தாள் தேவைப்படவே இல்லை. லேசாகத் தட்டிய கோட்டுக்கு 2000, 3000, அப்புறம் க்ரீம். முதல் தடவை அவசரத்தில் 3000-த்தைப் பாதியில் விட்டேன், அண்ணன் சொன்ன மாதிரியே கோடுகள் சிரித்தன, திரும்பச் செய்தேன். ஆழக் கோட்டை விட்டுவிட்டேன். மூலை இப்போது உறுத்தவில்லை. ஒரே சேதம், பட்டன் இடுக்கில் டேப் சரியாக ஒட்டாமல் க்ரீம் போய் வெள்ளையாகக் காய்ந்துவிட்டது. 70 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டு, பல்குத்தும் குச்சியில் சுற்றி எடுத்தேன், அதற்கு மட்டும் அரை மணி நேரம்.

பழைய ஐபாட் அண்ணன் வாயில் என்னத்தைப் போட, நாலாவது நாள் வீட்டுச் சாவி பட்டு ஒரு புதுக் கோடு. வெயிலில் பளிச்சென்று தெரிகிறது.

சும்மா_ஒரு_ஆள்:

கேஸ் எங்கே வாங்குவது என்று வேண்டுமானால் சொல்கிறேன்.

கோடம்பாக்கம்_குமிழ்:

எல்லாம் படித்தேன், அருமை. என்னுடையது 13 ப்ரோ, கிராஃபைட் நிறம், மூலையில் ஒரு சின்னக் கீறல்தான் இருக்கிறது. ரொம்ப லேசாக, ஒரே ஒரு தடவை மட்டும் க்ரீம் போட்டுப் பார்க்கலாமா?

நீலாங்கரை நிலா:

நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன்.